புதுக் கைபேசியின் பாட்டரி: முதலும் செலவும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், கணக்குப் புத்தகங்களை மூடிவைத்த பிறகு அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளுள் அண்மைக் காலமாக ஒன்று தவறாமல் இடம்பெறுகின்றது. "புதுப் போன் வாங்கி ஒரு மாதங்கூட ஆகவில்லை, பொழுது சாய்வதற்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறதே, இதற்கு என்ன செய்வது?" என்பதே அக்கேள்வி. நெசவாளரும் கேட்கின்றனர், மஞ்சள் பயிரிடுவோரும் கேட்கின்றனர். அவரவர்க்குத் தனித்தனியே விடை கூறுவதினும், இப்பத்திரிகையின் வாயிலாக எல்லோர்க்கும் சற்று விரிவாகவே எழுதிவிடலாம் என்று கருதினோம்.

கூட்டுறவுப் பத்திரிகையில் கைபேசிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நெய்த கூலி இன்று வங்கிக் கணக்கில் நேராக ஏறுகின்றது. ஏறிய செய்தி கைபேசிக்கு வருகின்றது. பணம் எடுப்பதற்கும் அனுப்புவதற்கும் உரிய ஒருமுறைக் கடவுச்சொல் அதில்தான் வந்து சேர்கின்றது. தமிழ்நாடு அரசு 2018இல் தொடங்கிய உழவன் செயலியை விவசாயிகள் பலர் பார்த்து வருகின்றனர். ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் அன்றைக்கு விரலி என்ன விலைக்குப் போயிற்று, கிழங்கு என்ன விலைக்குப் போயிற்று என்பதைக் களத்துமேட்டில் இருந்தபடியே அறிந்துகொள்வதும் இதனால்தான். பிற்பகல் மூன்று மணிக்குக் கைபேசி அணைந்துவிட்டால் அன்றைய விலை தெரியாது. வியாபாரி சொன்னதே விலையாகிவிடும்.

இதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் கைபேசியைத் தவணையில் வாங்குகின்றனர். தவணை கட்டி முடிக்கும் முன்பே பாட்டரி தளர்ந்து, "இனி இது ஆகாது, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் கூறும் நிலை வந்தால், பழைய கடனின் மேல் புதிய கடன் ஏறுகின்றது. கடன் தீர்ந்த பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் கைபேசி உழைக்குமாறு அதை வைத்துக்கொள்ளும் வழியையே முக்கியமாகச் சொல்ல விரும்புகின்றோம்.

பாட்டரி விஷயத்தில் இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்று, இன்று ஏற்றிய மின்சாரம் இன்றிரவு வரை வருமா என்பது. மற்றொன்று, அப்பாட்டரி எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பது. முன்னது அன்றாடச் செலவுக் கணக்கு. பின்னது முதல் கணக்கு. ஒரு சங்கத்தில் நாள்தோறும் கைவசம் உள்ள ரொக்கம் வேறு, பங்கு மூலதனம் வேறு என்பது அங்கத்தினர்க்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று. பலர் முன்னதைப் பற்றியே கவலைப்பட்டு, எப்பொழுதும் நூறு சதவிகிதம் நிரம்பியிருக்க வேண்டுமென்று ஓயாமல் சார்ஜ் ஏற்றுகின்றனர். அதனால் பின்னது தேய்கின்றது. ஆகையால் முதல் கணக்கைப் பற்றி முதலில் கூறுவோம்.

இன்றைய கைபேசிகளில் உள்ளது லித்தியம் அயனிப் பாட்டரி. ஜப்பானிய நிறுவனமான சோனி இதனை 1991இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடிகோலிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ என்னும் மூவர்க்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இதன் வேலை நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். தறியில் நாடா இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஓடுவது போல, பாட்டரியினுள் லித்தியம் அயனிகள் இரு பக்கங்களுக்கிடையே ஓடுகின்றன. ஒரு பக்கம் கிராஃபைட் என்னும் கரி. மறுபக்கம் கோபால்ட்டு முதலிய உலோகம் கலந்த ஆக்ஸைடு. சார்ஜ் ஏற்றும்போது அயனிகள் கரியின் பக்கம் சென்று ஒண்டிக்கொள்கின்றன. நாம் பேசும்போதும் படம் பார்க்கும்போதும் அவை திரும்பிவருகின்றன. அந்தப் போக்குவரத்தே மின்சாரம்.

நாடா ஓடும்போது இழை சிற்சில இடத்தில் அறுந்து வீணாவதுண்டல்லவா? அவ்வாறே ஒவ்வொரு போக்குவரத்திலும் மிகச் சிறிதளவு லித்தியம் கரியின் மேற்பரப்பில் படலமாகப் படிந்து, மீண்டும் ஓடாமல் நின்றுவிடுகின்றது. இந்த இழப்பை முற்றிலும் தடுக்க எவராலும் இயலாது. ஆயின் அதைத் துரிதப்படுத்துவன இரண்டு: சூடு ஒன்று, பாட்டரி முழுவதும் நிரம்பிய நிலையிலேயே நெடுநேரம் கிடத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்தால் கேடு பன்மடங்காகும். கைபேசி வைத்திருப்போர் மனத்தில் பதிக்கவேண்டிய செய்தி இதுவே. பிறவெல்லாம் இதற்கு அடுத்தவை.

இதைக் கூறும்போதே, வழிவழியாக வந்த ஓர் எண்ணத்தை விலக்கிவிட வேண்டியுள்ளது. "புதுப் போனை எட்டு மணி நேரம் தொடர்ந்து சார்ஜில் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும், அணையும் வரை விட்டு, பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும்" என்று கடைகளில் இன்றும் சிலர் கூறுகின்றனர். முன்னாளில் வழங்கிய நிக்கல் காட்மியம் பாட்டரிகளுக்கு ஏற்பட்ட பழக்கம் அது. பாதியில் ஏற்றிப் பழகினால் அந்தப் பாட்டரிகள் தம் முழு அளவை இழக்கும் இயல்புடையன. லித்தியம் பாட்டரிக்கு அக்குறை இல்லை. எட்டு மணி நேரக் காவலும் வேண்டா; அடியோடு வற்றவிடுதலும் வேண்டா. அடிக்கடி பூச்சியத்துக்கு இறங்குவது அதற்குத் தீங்கே. வாங்கிய அன்றே, இருக்கும் சார்ஜிலேயே பயன்படுத்தத் தொடங்கலாம்.

இனிச் சூட்டைப் பற்றிச் சற்று நின்று பேசுவோம். நம் பக்கத்துக்கு இதுதான் தலையாய தொல்லை. ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசிகளைப் பூச்சியம் முதல் 35 பாகை செல்சியஸ் வரையுள்ள வெப்பத்தில் பயன்படுத்துமாறு அறிவிக்கின்றது. சித்திரை, வைகாசியில் ஈரோட்டில் நிழலிலேயே 40 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. அப்படியிருக்க, வெயிலில் நிறுத்திய மொபெட்டின் பெட்டிக்குள் கைபேசியை வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் அதன் கதி என்னவாகும்? மோட்டார் அறையின் தகரக் கூரைக்கடியில், காரின் கண்ணாடிக்குப் பின்னால், களத்தில் காயும் மஞ்சளின் பக்கத்தில் சாக்கின் மேல், அடுப்பங்கரை மேடையில் என்று கைபேசி வெந்துபோகும் இடங்கள் பல. நெசவுக் கூடத்திலும் ஓட்டுக்குக் கீழே பரண்மேல் வைப்பதைவிடத் தறிக்குழியின் ஓரத்துத் தரையில் வைப்பது குளிர்ச்சி. கழனியில் வேலை செய்யும்போது சட்டைப்பையில் வைத்தால் வெயிலும் உடற்சூடும் சேர்கின்றன. தூக்குப்போசி வைத்திருக்கும் மரநிழலில் வைப்பது மேல். கைபொறுக்காத அளவு சுட்டால் ஈரத்துணி சுற்றுவதோ குளிர்பெட்டிக்குள் வைப்பதோ கூடாது. அதனால் உள்ளே நீர்த்துளி கோக்கும். அணைத்து, மேலுறையைக் கழற்றி, விசிறிக்காற்றில் சற்று வைத்தால் போதும்.

வெளிச்சூடு ஒன்று, சார்ஜ் ஏறும்போது உள்ளே எழும் சூடு ஒன்று. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே படம் பார்ப்பதும், பிள்ளைகள் விளையாடுவதும் மூன்றாவது சூடு. இம்மூன்றும் ஒரே நேரத்தில் சேர இடங்கொடுக்கலாகாது. கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்து இரவு முழுதும் சார்ஜில் போடும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. சூடு வெளியேற வழியின்றி, நிரம்பிய பாட்டரி விடியும்வரை அந்நிலையிலேயே கிடக்கின்றது. பாட்டரிக்கு மட்டுமன்று, படுத்திருப்பவர்க்கும் அது நல்லதன்று. கம்பியின்றிச் சார்ஜ் ஏற்றும் தட்டுகள் இப்பொழுது வந்துள்ளன. அவற்றில் சூடு மிகுதி. கம்பியே போதும் என்பது நம் அபிப்பிராயம்.

எவ்வளவு ஏற்றுவது என்னும் கேள்விக்கு, சாதாரண நாட்களில் இருபதுக்கும் எண்பதுக்கும் இடையே வைத்திருந்தால் பாட்டரி நெடுநாள் உழைக்கும் என்பதே விடை. இதற்காக மணிக்கொருமுறை எழுந்து பார்க்க வேண்டியதில்லை. புதிய கைபேசிகள் பலவற்றில் எண்பது சதவிகிதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி உள்ளது. செட்டிங்ஸில் பாட்டரி என்னும் பகுதிக்குள் சென்று, பாட்டரிப் பாதுகாப்பு அல்லது சார்ஜ் வரம்பு என்ற பெயரில் இருப்பதை ஒருமுறை இட்டுவிட்டால் போதும். இரவில் மெதுவாக ஏற்றி, நாம் எழும் நேரத்துக்கு மட்டும் நிரப்பும் வசதியும் சிலவற்றில் உண்டு. மின்பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளிலும், ஏலத்துக்கோ வெளியூருக்கோ செல்லும் நாளிலும் தயங்காமல் நூறுக்கு ஏற்றிக்கொள்ளலாம். கைபேசி நமக்காக இருப்பது; நாம் அதற்குக் காவலாளிகள் அல்லர்.

இதனால் என்ன லாபம் என்று கணக்குப் பார்ப்போம். நூறு சதவிகிதம் செலவழித்தால் அதை ஒரு சுற்று என்பர். ஒரே நாளில் நூறும் செலவழிந்தாலும், இரு நாட்களில் ஐம்பது ஐம்பதாகச் செலவழிந்தாலும் ஒரு சுற்றே. ஐரோப்பிய யூனியன் 2025 ஜூன் 20 முதல் அமுலாக்கிய விதியின்படி, அங்கே விற்கப்படும் கைபேசியின் பாட்டரி 800 சுற்றுகளுக்குப் பிறகும் தன் ஆதி அளவில் 80 சதவிகிதமேனும் தாங்க வேண்டும். அதையே நம் கணக்குக்கும் அளவுகோலாகக் கொள்வோம். நாள் ஒன்றுக்கு நூறு சதவிகிதம் செலவழிப்பவர்க்கு ஆண்டுக்கு 365 சுற்றுகள். 800 சுற்றுகள் இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதங்களில் முடிகின்றன. அறுபது சதவிகிதத்தோடு நாளை ஓட்டுபவர்க்கு ஆண்டுக்கு 219 சுற்றுகளே. அவருக்கு அதே 800 சுற்றுகள் மூன்று ஆண்டுகள் எட்டு மாதங்களுக்கு வருகின்றன. வித்தியாசம் ஒன்றரை ஆண்டு. சூட்டில் போட்டு வாட்டுபவர்க்கு இந்தக் கணக்கே செல்லாது. அவருடைய பாட்டரி அதற்கு முன்பே தளர்ந்துவிடும். அன்றாடச் செலவைக் குறைத்தால் முதலும் நிற்கின்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

மின்கட்டணத்துக்காக இதைச் சொல்வதாக எவரும் நினைக்க வேண்டா. 5000 மில்லி ஆம்பியர் மணி அளவுள்ள ஒரு பாட்டரியில் அடங்குவது சுமார் 19 வாட் மணி. சேதாரத்தையும் சேர்த்து 25 என்று வைத்துக்கொண்டாலும், நாள்தோறும் முழுக்க ஏற்றினால் ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ ஒன்பது யூனிட்தான். மின்சாரம் மலிவு; பாட்டரியே விலையுயர்ந்தது.

இனி அன்றாடச் செலவு. புதுக் கைபேசி வாங்கிய முதல் வாரத்தில் சார்ஜ் வேகமாக இறங்கினால் உடனே கடைக்கு ஓட வேண்டியதில்லை. பழைய கைபேசியிலிருந்த படங்களையும் செய்திகளையும் இறக்கிக்கொள்ளுதல், செயலிகளைப் புதுப்பித்தல், படங்களை வகைப்படுத்துதல் முதலிய வேலைகளை அது நமக்குத் தெரியாமலே செய்துகொண்டிருக்கும். புதிதாகத் தறி பூட்டும்போது பாவு புணைப்பதற்கும் அச்சில் இழை இழுப்பதற்கும் ஆகும் உழைப்பைப் போன்றது அது. துணி விழத் தொடங்கிய பின் அந்த வேலை இராது. மேலும், நாம் எந்தச் செயலியை எப்பொழுது திறக்கின்றோம் என்பதை ஆண்ட்ராய்டு கைபேசிகள் கவனித்து, பயன்படுத்தாதவற்றைத் தாமே அடக்கிவைக்கின்றன. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு ஒன்பதாம் பதிப்பிலிருந்து இந்த ஏற்பாடு உள்ளது. அதற்கும் சில நாட்கள் பிடிக்கும். இரண்டு வாரங்களுக்குப் பிறகும் நிலைமை சீராகவில்லையெனில் அப்பொழுது ஆராயலாம்.

ஆராய்வது எப்படி? இங்கே நம் தொழிற்பழக்கம் குறுக்கிடுவதை அங்கத்தினர்கள் பொறுத்தருள்க. சங்கத்தில் பணம் குறைந்தால் யாரோ எடுத்தார் என்று பேசிப் பயனில்லை. நாட்குறிப்பையும் பேரேட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கைபேசியிலும் பேரேடு இருக்கின்றது. செட்டிங்ஸில் பாட்டரி, அதனுள் பாட்டரி உபயோகம் என்று தொட்டால், எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்னும் பட்டியல் வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இப்பக்கத்தை ஒருமுறையேனும் திறந்து பார்த்ததில்லை என்றே எண்ணுகின்றோம். திறந்ததும் முதலில் நிற்கும் பெயரைக் கண்டு பதற வேண்டா. மூன்று மணி நேரம் படம் பார்த்தவருடைய பட்டியலில் யூடியூப் முதலிடம் பெறுவது நியாயமான செலவே. நாம் திறவாமலிருக்கும்போதே பின்னணியில் ஓடி, மேலிடத்தில் நிற்பது எதுவோ அதன்மேல்தான் தணிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். பெரும்பாலும் அது ஏதோவொரு விளையாட்டாகவோ, கடன் தருவதாக விளம்பரம் செய்யும் செயலியாகவோ இருக்கும். தேவையற்றதாயின் நீக்கிவிடுக. வேண்டியதாயின் அதன் பெயரைத் தொட்டு, பின்னணி உபயோகத்தைக் கட்டுப்படுத்துக.

ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்டுப்படுத்தலாகாது. சங்கத்தின் வாட்ஸாப் குழுவையும், கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்தே இயக்குவோர் அதற்கான செயலியையும் அடக்கிவைத்தால், அறிவிப்புகள் காலந்தாழ்ந்து வரும். வங்கியின் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருவதாதலின், பாட்டரி சேமிப்பு முறை இட்டிருந்தாலும் அது வந்துசேரும். ஃப்ளைட் மோடில் போட்டால் மட்டுமே வாராது.

பேரேட்டில் பலருக்கும் பொதுவாகக் காணும் பெருஞ்செலவு திரைதான். நெசவுக் கூடங்களில் ஒரு வழக்கத்தைக் காண்கின்றோம். நெய்துகொண்டே பாட்டுக் கேட்பதற்காகக் கைபேசியில் படப்பாட்டை ஓடவிட்டு, பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பார்கள். கண் பாவின்மேல் இருக்கின்றது. கை நாடாவைத் தள்ளுகின்றது. திரையோ பார்ப்பாரின்றிக் காலை முதல் மாலை வரை எரிந்துகொண்டிருக்கின்றது. இது விளக்கேற்றி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்வதற்கு நிகர். பாட்டை ஒலியாக மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு திரையை அணைத்துவிட்டுக் கேட்டால் செலவு மிகக் குறைந்துவிடும். சிறியதொரு ரேடியோப் பெட்டி வாங்கித் தறிக்கூடத்தில் மாட்டிவிட்டால் கைபேசிக்கு ஓய்வு; கூடத்தில் உள்ள அனைவர்க்கும் பாட்டு.

திரையின் ஒளியை இருக்கும் வெளிச்சத்துக்கேற்பத் தானே கூட்டிக்குறைத்துக்கொள்ளுமாறு விடுவது நன்று. வெயிலில் கூட்டிய ஒளியை வீட்டுக்கு வந்தபின் குறைக்க மறந்துபோவோர் பலர். தொடாமல் விட்டால் முப்பது வினாடியில் திரை அணையுமாறு வைத்துக்கொள்க. புதிய கைபேசிகளில் திரை வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகின்றது. அதை 60க்கு இறக்கினால் நமக்கு ஒரு குறையும் தோன்றாது, பாட்டரிக்குப் பளு குறையும். கருப்புப் பின்னணி வைத்தால் மிச்சமாகும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஓ.எல்.இ.டி. திரையாயிருந்தால் மட்டுமே அது உண்மை. அவ்வகைத் திரையில் கருப்பான புள்ளிகள் எரிவதில்லை. எல்.சி.டி. திரையில் பின்னாலுள்ள விளக்கு எப்போதும் எரிவதால் பயன் இல்லை. ஓ.எல்.இ.டி.யிலும் எதிர்பார்க்கும் அளவு எப்போதும் கிட்டாது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021இல் அளந்து பார்த்தபோது, ஒளி 30 முதல் 50 சதவிகிதம் வரை வைத்திருந்த நிலையில் 3 முதல் 9 சதவிகிதமே மிச்சமாயிற்று. ஒளியை முழுவதும் கூட்டிய நிலையில்தான் 39 முதல் 47 சதவிகிதம் வரை மிச்சமாயிற்று. எனவே வெயிலில் நின்று பார்க்கும் விவசாயிக்குக் கருப்புப் பின்னணியால் லாபம் அதிகம். வீட்டுக்குள் பார்ப்பவர்க்குச் சொற்பம்.

திரைக்கு அடுத்தபடி அலைவரிசை. நாலு காடு தள்ளி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கின்றது. பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லப் பேசினாலே போதும். கோபுரம் தொலைவிலிருந்தால் கைபேசியும் அவ்வாறே உரக்கக் கத்துகின்றது. அலைவரிசை அற்றுப்போன இடத்தில் அதைத் தேடித் தேடிக் களைக்கின்றது. சட்டைப்பையில் சும்மா இருந்த கைபேசி மாலையில் ஏன் இறங்கிவிட்டது என்று வியப்போர்க்கு விடை பெரும்பாலும் இதுவே. இரண்டு சிம் போட்டிருப்போர், தோட்டத்தில் ஒன்றுக்கு அலைவரிசை கிடைப்பதில்லை என்று கண்டால், அங்கிருக்கும்வரை அந்தச் சிம்மை அணைத்துவைக்கலாம்; கழற்ற வேண்டியதில்லை, செட்டிங்ஸிலேயே அணைக்கலாம். 5ஜி நம் நாட்டில் 2022 அக்டோபர் முதல் தேதி தொடங்கப்பட்டது. அது தெளிவாகக் கிடைக்காத ஊரில் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறிமாறித் தாவுவதிலேயே சார்ஜ் கரையும். அங்கே 4ஜியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

ப்ளூடூத், இருப்பிடம் காட்டும் வசதி, தொடும்போதெல்லாம் அதிரும் அதிர்வு ஆகியவை சில்லறைச் செலவுகள். வேண்டாதபோது அணைத்துவைக்கலாம், அவற்றையே பெரிதாக எண்ணி நாள் முழுதும் அணைப்பதும் ஏற்றுவதுமாக இருக்க வேண்டா.

செயலிகளை அடிக்கடி விரலால் தள்ளி மூடிக்கொண்டே இருந்தால் சார்ஜ் மிஞ்சும் என்று நம்புவோர் அநேகர். இது நேர்மாறான பயனையே தரும். உறங்கிக்கொண்டிருக்கும் செயலி செலவழிப்பது மிகக் குறைவு. மூடியதை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்கே அதிகம் பிடிக்கின்றது. ஏதேனும் ஒரு செயலி முரண்டுபிடித்து நின்றால் மட்டுமே மூடுக. பாட்டரியைப் பெருக்கித் தருவதாகவும், போனைத் துப்புரவாக்குவதாகவும் கூறும் செயலிகளை இறக்கவே வேண்டா. அவை விளம்பரம் காட்டிப் பிழைப்பன; காப்பவனாக வந்து தானும் உண்பவன் கதை.

சார்ஜர் குறித்து ஒன்றிரண்டு. ஆப்பிள் 2020 முதலும், சாம்சங் தன் உயர்ந்த ரகங்களுக்கு 2021 முதலும் பெட்டியில் சார்ஜர் வைப்பதை நிறுத்திவிட்டன. வேறு சில நிறுவனங்களும் அவ்வாறே செய்கின்றன. ஆகவே தனியே வாங்க நேர்கின்றது. பேருந்து நிலையத்தில் நூறு ரூபாய்க்குக் கூவி விற்பதை வாங்காமல், கைபேசி நிறுவனத்தாருடையதையோ, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவெண்ணும் பொறித்ததையோ ரசீதுடன் வாங்குக. கிணற்று மோட்டார் அறையில் சார்ஜ் போடுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் அங்கே மின்னழுத்தம் ஏறி இறங்கும். பவர் பேங்க் வாங்குவோர், 10,000 என்று எழுதியிருந்தால் 5,000 பாட்டரியை இருமுறை நிரப்பும் என்று எதிர்பார்க்கலாகாது. மின்னழுத்தத்தை மாற்றுவதிலும் சூட்டிலும் ஒரு பகுதி போய்விடும். ஒன்றரை முறை நிரம்பினால் நல்ல சரக்கு என்று கொள்க.

சில சங்கங்களில் அலுவலுக்கென்று வாங்கிய கைபேசியோ டாப்லெட்டோ உபயோகமின்றி அலமாரியில் கிடப்பதைக் காண்கின்றோம். முழுக்க நிரப்பி வைத்தாலும் கெடும். வற்றவிட்டு வைத்தாலும் கெடும். பாதியளவு ஏற்றி, அணைத்து, சூடுபடாத தட்டில் வைத்து, ஆறு மாதத்துக்கொருமுறை எடுத்துப் பாதியளவு ஏற்றிவைக்க வேண்டும். இருப்புச் சரிபார்க்கும்போதே இதையும் செய்துவிடலாம்.

இவ்வளவு பேணினாலும் மூன்று நான்கு ஆண்டுகளில் பாட்டரி தளரத்தான் செய்யும். முப்பது சதவிகிதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென அணைந்துபோவது அதன் முக்கிய அறிகுறி. சில கைபேசிகளில் பாட்டரியின் ஆரோக்கியம் இத்தனை சதவிகிதம் என்று செட்டிங்ஸிலேயே காட்டும். எண்பதுக்குக் கீழ் இறங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று அறிக. மாற்றவேண்டியது பாட்டரியைத்தான், கைபேசியை அன்று. தேய்ந்த அச்சுக்காகத் தறியையே விற்பாருண்டோ? கடைக்காரர் புதியதைக் காட்டி ஆசைமூட்டுவார். அவர் தொழில் அது. நிறுவனத்தாரின் அதிகாரம் பெற்ற பழுதுநிலையத்தில் பாட்டரியின் விலையும் கூலியும் கேட்டறிந்து, புதுக் கைபேசியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்க. கைபேசியின் முதுகு உப்பியோ, திரை ஓரத்தில் பிதுங்கியோ காணப்பட்டால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பாட்டரி உள்ளே வாயுக்கட்டி வீங்கியிருக்கின்றது என்பது அதன் பொருள். அதற்குச் சார்ஜ் ஏற்றுவதை அக்கணமே நிறுத்துக. அமுக்கியோ குத்தியோ பார்த்தால் தீப்பற்றும். பிள்ளைகள் கையில் படாமல், எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, பழுதுநிலையத்துக்கு எடுத்துச் செல்க. கழற்றிய பழைய பாட்டரியைக் குப்பையில் எறியாமல் அங்கேயே ஒப்படைத்துவிடலாம். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவற்றைச் செய்து விற்பவர்க்கு உரியது. புதியதற்கு ரசீது கேட்டு வாங்கி, மாற்றிய தேதியை அதன் மேலேயே குறித்துவைக்கவும்.